‘பக்குவமில்லை’ என்ற தீர்ப்பு: இளம் கூடைப்பந்தாட்டக்காரரின் மனவெழுச்சி முதிர்ச்சியும் ஊடக விமர்சனமும்

1. வினாவும் அதன் எல்லையும்

இருபது வயதை ஒட்டிய ஒரு கூடைப்பந்தாட்டக்காரர் நடுவரோடு வாதிட்டாலோ, தோல்விக்குப் பின் கைகுலுக்காமல் களத்தை விட்டுப் போனாலோ, வெற்றிக் களிப்பில் எதிரணியைச் சீண்டினாலோ, மறுநாள் விளையாட்டுப் பக்கங்களில் அவரது ஆட்டத்தோடு மனமும் மதிப்பிடப்படுகிறது. அவருக்கு மனவெழுச்சி முதிர்ச்சி போதாது, அதாவது கோபம், மகிழ்ச்சி, அச்சம், அவமானம் ஆகிய மனவெழுச்சிகளை இடமறிந்து வெளிப்படுத்தவும் ஆளவும் வேண்டிய ஆற்றல் இன்னும் வாய்க்கவில்லை என்று எழுதப்படுகிறது. அவ்வாறு எழுதுபவர் உண்மையில் எதைக் கண்டு எழுதுகிறார், கண்டதிலிருந்து மனத்தைப் பற்றிய முடிவுக்கு எந்த வழியாகச் செல்கிறார், அந்த வழி நம்பத்தக்கதா என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

இவ்வினாவை யாழ்ப்பாணத் தீவகத்திலிருந்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய தீவகப் பகுதிகளின் குடும்பங்களில் பெரும்பகுதி போரின் காரணமாக ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் வேரூன்றிவிட்டதால், கூடைப்பந்தாட்டத்தைத் தம் விளையாட்டாகவே கொண்டு வளரும் பிள்ளைகள் அங்கும், அதே ஆட்டங்களின் காட்சித் துண்டுகளைக் கைத்தொலைபேசியில் பார்க்கும் அவர்களது மைத்துனர்கள் இங்கும் இருக்கின்றனர். ஒரு வீராங்கனையைப் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சியில் சொல்லப்படும் தீர்ப்பு அன்றிரவே இரு கரைகளையும் எட்டிவிடுகிறது. ஆனால் அது தமிழில் பேசப்படும்போது வேறொரு சொல்லை உடுத்திக்கொள்கிறது. அச்சொல்லுக்குத் தனி வரலாறு இருக்கிறது.

2. பக்குவம் என்னும் சொல்

மனவெழுச்சி முதிர்ச்சி என்பது ஆசிரிய கலாசாலைகளின் பாடநூல் தொடர். ஊர்ப் பேச்சில் அதற்கு வழங்குவது பக்குவம். தீவகத்தில் இச்சொல் முதலில் அடுப்படிக்கும் தொழிலுக்கும் உரியது. கருப்பநீர் பனங்கட்டியாகத் திரளும் பதம், கருவாடு வெயிலில் காய்ந்தமையும் நிலை, ஊறுகாய் ஊறி எடுக்கும் காலம் ஆகிய எல்லாம் பக்குவம் எனப்படும். இவ்வழக்குகள் அனைத்திலும் பக்குவம் காலத்தாலும் வெப்பத்தாலும் வந்தடைவது; பக்குவப்படாத பொருளை எவரும் குற்றஞ்சாட்டுவதில்லை, அதற்கு இன்னும் நேரம் கொடுப்பார்கள்.

யாழ்ப்பாணத்துச் சைவ மரபு இச்சொல்லை இன்னும் ஆழமாக ஆண்டிருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களால் கட்டுண்ட உயிரின் மலம் கழலத்தக்க நிலைக்கு முதிர்வது மலபரிபாகம் எனவும், அந்நிலையில் திருவருள் பதிவது சத்திநிபாதம் எனவும் வழங்கும். சத்திநிபாதத்தை மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்காகப் பகுத்து, ஒவ்வொரு நிலையிலுமுள்ள உயிருக்கு ஏற்ற நெறி வேறுவேறு என்று காட்டுவது அம்மரபு. இங்குக் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, அபக்குவம் ஒரு கட்டமே அன்றிக் குற்றமன்று. இரண்டாவது, ஓர் உயிரின் பக்குவத்தை அறிந்து சொல்லும் தகுதி குருவுக்கே உரியது, அதுவும் நெருங்கி நின்று உபதேசிக்கும் பொறுப்போடு சேர்ந்தது. தொலைவில் நின்று பார்ப்பவருக்கு அத்தகுதி தரப்படவில்லை.

இதே யாழ்ப்பாணத்தில் இன்னொரு சொற்குடும்பமும் உயிரோடிருக்கிறது. ‘எடுப்பு’, ‘நடப்புக் காட்டுதல்’, ‘தலைக்கனம்’ என்பன அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை காலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருவர் தமக்கு விதிக்கப்பட்ட இடத்தைத் தாண்டிவிட்டார் என்ற முறைப்பாட்டையே சொல்கின்றன. ஒருவருக்கு எடுப்பு என்று சொல்வதற்கு அவர் எந்த அளவு அடங்கியிருக்கவேண்டும் என்ற முன்முடிவு தேவை. அந்த அளவு ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று, சாதிக்கொன்று, வசதிக்கொன்று என மாறுவதை யாழ்ப்பாணச் சமூகத்தை அறிந்த எவரும் மறுக்கமாட்டார். விளையாட்டு விமர்சனத்தில் வரும் ‘பக்குவமில்லை’ என்ற கூற்று முதற் குடும்பத்தின் உடையை அணிந்துகொண்டு இரண்டாவதன் வேலையைச் செய்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். இதற்கான சான்றுகள் கீழே எடைபோடப்படுகின்றன.

3. உளவியல் தரும் சான்றும் அதன் வரம்பும்

விமர்சகர்களின் பக்கம் ஓரளவு நியாயம் இருப்பதாக உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்க உளவியலாளர் லோரன்ஸ் ஸ்ரைன்பேர்க்கும் அவரது குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஆறுதலாக இருந்து தர்க்கித்து முடிவெடுக்கும் அறிவாற்றல் ஏறத்தாழ 16 வயதில் வளர்ந்தவர்களின் அளவை எட்டிவிடுகிறது என்றும், உந்துதலை அடக்குதல், சகபாடிகளின் அழுத்தத்தைத் தாங்குதல் போன்ற உளசமூக முதிர்ச்சி அதற்குப் பின்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது என்றும் காட்டியது. ஆயிரக்கணக்கானோர் கூச்சலிடும் அரங்கில், இறுதி நிமிடத்தில், உடல் களைத்திருக்கும்போது எடுக்கப்படும் முடிவுகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஆகவே 20 வயதுடைய ஒருவர் 30 வயதுடையவரைப்போல நடந்துகொள்ளாதது வளர்ச்சியின் இயல்பான நிலையே; அதை ஒழுக்கக்கேடு என்று காட்டுவதற்கு இந்த ஆய்வில் இடமில்லை. இத்தகைய ஆய்வுகள் பெருந்தொகையானோரின் சராசரியைச் சொல்வன என்பதால், குறிப்பிட்ட ஓர் ஆட்டக்காரரின் குறிப்பிட்ட ஒரு செயலை அவற்றைக் கொண்டு விளக்கிவிட முடியாது என்பதையும் மறக்கலாகாது.

இதைவிட முக்கியமான திருத்தத்தை ஜேம்ஸ் குரோஸ் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் தருகின்றன. மனவெழுச்சியை ஆள்வதில் இரு வழிகளை அவர் வேறுபடுத்துகிறார்: நிகழ்வை வேறு கோணத்தில் பார்த்து மனவெழுச்சி எழும் விதத்தையே மாற்றுவது ஒன்று; எழுந்த மனவெழுச்சி முகத்தில் தெரியாமல் அமுக்குவது மற்றொன்று. அமுக்குபவரின் முகம் அமைதியாகத் தோன்றினாலும் உள்ளே உடலின் பதற்றம் குறைவதில்லை, கூடவும் செய்கிறது என்று 1998இல் வெளியான அவரது பரிசோதனை காட்டியது. கூடைப்பந்தாட்டத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு: கிளீவ்லண்ட் கவலியர்ஸ் அணியின் கெவின் லவ் 2017 நவம்பர் 5 அன்று ஆட்டத்தின் நடுவே பீதித் தாக்குதலுக்கு ஆளானதை 2018 மார்ச்சில் தாமே எழுதி வெளியிட்டபோது, அதுவரை அவரை நிதானமான மூத்த வீரராகவே அறிந்திருந்த வாசகர்கள் அதிர்ந்தனர். சலனமில்லாத முகத்தை முதிர்ச்சிக்கும் சலனப்படும் முகத்தை முதிர்ச்சியின்மைக்கும் அடையாளமாகக் கொள்ளும் விமர்சனம், மனத்தை அளக்கிறேன் என்று முகத்தை அளந்துகொண்டிருக்கிறது.

4. ஒரே சைகை, இரு தீர்ப்புகள்

இவ்வினாவுக்கு மிகத் தெளிவான சான்று 2023ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்தாட்டத் தொடரில் கிடைக்கிறது. ஒரே தொடரில், ஒரே வாரத்துக்குள், ஏறத்தாழ ஒரே வயதுடைய இரு வீராங்கனைகள் ஒரே சைகையைச் செய்தமையால், ஆய்வுகூடத்தில் திட்டமிட்டாலும் எளிதில் அமையாத ஓர் ஒப்பீடு அங்கு தானாக அமைந்தது.

2023 மார்ச் 26 அன்று லூயிவில் அணிக்கெதிரான காலிறுதியில் அயோவா அணியின் கெயிட்லின் கிளார்க் 41 புள்ளிகளைப் பெற்றார். அந்த ஆட்டத்தின்போது, தொழில்முறை மல்யுத்த வீரர் ஜோன் சீனாவால் பிரபலமான, கையை முகத்துக்கு முன் விரித்து அசைத்து ‘உங்களால் என்னைக் காணவே முடியாது’ என்று உணர்த்தும் சைகையை அவர் செய்தார். ஊடகங்கள் அதைத் தன்னம்பிக்கையின், போட்டிக் குணத்தின் வெளிப்பாடாகக் கொண்டாடின. ஏப்ரல் 2 அன்று டலஸ் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் அயோவாவை 102–85 என வென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் லூசியானாவின் ஏஞ்சல் ரீஸ், கிளார்க்கைப் பின்தொடர்ந்து அதே சைகையைக் காட்டி, வெற்றி மோதிரம் ஏறப்போகும் விரலையும் சுட்டினார். அப்போது ரீஸுக்கு 20 வயது, கிளார்க்குக்கு 21. தொடரின் தலைசிறந்த வீராங்கனையாகத் தெரிவு செய்யப்பட்ட ரீஸ் அன்றிரவே நாகரிகமற்றவர், பக்குவமற்றவர் என்ற வசைகளுக்கு ஆளானார். வசைபாடியோரில் நாடறிந்த மூத்த ஒளிபரப்பாளர்களும் இருந்தனர். ஒரு மாணவியை நோக்கி அச்சிடத் தகாத சொற்களை வீசியவர்களும் அவர்களுள் அடக்கம். ரீஸ் கறுப்பினத்தவர், கிளார்க் வெள்ளையினத்தவர்.

இந்த வேறுபாட்டுக்கு முன்வைக்கப்பட்ட விளக்கங்களை ஒவ்வொன்றாக எடைபோட வேண்டும். கண்டித்தவர்கள் சொன்ன முதற் காரணம், கிளார்க்கின் சைகை பொதுவாகக் காட்டப்பட்டது, ரீஸின் சைகையோ தோற்றுக்கொண்டிருந்த ஒருவரைத் துரத்திச் சென்று முகத்துக்கு நேரே காட்டப்பட்டது என்பது. இவ்வேறுபாடு மெய்யானது; காணொளியைப் பார்ப்பவர் எவரும் அதை ஒப்புக்கொள்வர். ஆனால் அது நிறுவுவது என்ன? தோற்றவரின் புண்ணில் கை வைப்பது விளையாட்டுப் பண்புக்கு ஏற்றதா என்ற கேள்வியை அது எழுப்புகிறது, அதில் ரீஸுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வதற்கும் இடமுண்டு. செய்தவரின் உள்ளம் வளர்ச்சியடைந்ததா இல்லையா என்பதைப் பற்றி அவ்வேறுபாடு ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாவதாக, அதே இறுதியாட்டத்தின் மூன்றாம் காற்பகுதியில் பந்தை அலட்சியமாக எறிந்தமைக்காக நடுவர்களிடமிருந்து நடத்தைத் தண்டம் பெற்றவர் கிளார்க் ஆவார். நடுவர் விதித்த தண்டம் நடுவரின் கடுமை என்று விவாதிக்கப்பட்டது. எவரும் தண்டம் விதிக்காத சைகை குணக்கேடு என்று விவாதிக்கப்பட்டது. கணக்கில் கொள்ளவேண்டிய மூன்றாவது சான்று கிளார்க்கின் சொந்தக் கூற்று. ரீஸைக் குறைகூறுவது தகாது என்றும், இத்தகைய சீண்டல்கள் ஆட்டத்தின் ஒரு பகுதி என்றும் அவர் இரு நாட்களுக்குள் தொலைக்காட்சியில் தெரிவித்தார். யாருக்காக நாடே புண்பட்டதோ அவர் புண்படவில்லை.

ரீஸ் தாமே ஒரு விளக்கத்தைத் தந்தார். ஆண்டு முழுவதும் தம் இயல்புக்காகத் தாம் குறைகூறப்பட்டதாகவும், அதையே வேறொருவர் செய்தபோது எவரும் வாய் திறக்கவில்லை என்றும் ஆட்டம் முடிந்த உடனேயே செய்தியாளரிடம் அவர் கூறினார். நேரடியாகச் சம்பந்தப்பட்டவரின் கூற்று என்பதால் இதைத் தன்னலம் கலந்ததென்று ஒதுக்குவார் உளர். எனினும், சற்றுமுன் முதற் பெரும் வெற்றியைப் பெற்ற 20 வயதுடைய ஒருவர் தம் மீதான குற்றச்சாட்டின் அமைப்பை இத்தனை துல்லியமாகப் பிரித்துக் காட்டியது கவனிக்கத்தக்கது. மனவெழுச்சி அறிவு என்ற கருத்தை 1990இல் வகுத்த பீற்றர் சலோவேயும் ஜோன் மேயரும், தன் மனவெழுச்சியையும் பிறரது மனவெழுச்சியையும் இனங்கண்டு வேறுபடுத்தி அறிவதை அதன் முதற் கூறாக வைத்தனர். அந்த அளவுகோலைப் பிடித்தால், அந்த நாட்களில் முதிர்ச்சியோடு பேசியோர் அந்த இரு பெண்களே என்று சொல்வதற்குத் தக்க ஆதாரம் இருக்கிறது.

5. உடலுக்கு ஒருவர், மனத்துக்கு ஒருவர்

ஒரே செயல் இருவரிடம் இருவேறாகத் தெரிவதற்கான காரணத்தை 1997இல் ஜெஃப் ஸ்ரோனும் அவரது சகஆய்வாளர்களும் வெளியிட்ட பரிசோதனை விளக்குகிறது. அவர்கள் பங்கேற்பாளர்களைப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டம் ஒன்றின் வானொலி வர்ணனையைக் கேட்கச் செய்து, குறிப்பிட்ட ஓர் ஆட்டக்காரரை மதிப்பிடுமாறு கேட்டனர். அனைவரும் கேட்டது ஒரே வர்ணனை. ஆனால் சிலருக்கு அந்த ஆட்டக்காரர் கறுப்பினத்தவர் என்றும் சிலருக்கு வெள்ளையினத்தவர் என்றும் ஒரு படத்தின் வழி உணர்த்தப்பட்டது. கறுப்பினத்தவர் என நம்பியோர் அவரிடம் உடல்திறனைக் கேட்டனர். வெள்ளையினத்தவர் என நம்பியோர் ஆட்ட அறிவையும் விடாமுயற்சியையும் கேட்டனர். காதில் விழுந்த சொற்கள் மாறவில்லை, கேட்டவரின் எதிர்பார்ப்பே ஒருவருக்கு உடலையும் மற்றவருக்கு மனத்தையும் பங்கிட்டுக் கொடுத்தது.

இப்பங்கீடு அமெரிக்க இனப் பிரச்சினையோடு முடிந்துவிடுவதாகக் கருதினால் தவறு. யாழ்ப்பாணத்துக்கு அருகிலேயே அதன் வேறொரு வடிவம் உண்டு. புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம், கூடைப்பந்தாட்டத்திலிருந்து கிளைத்த வலைப்பந்தாட்டத்தில் இலங்கை அணியின் முதன்மை எறிகையாளராக விளங்கியவர். 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் அவர் இருந்தார். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில், அணி பட்டியலின் கீழ்ப்பகுதியில் நின்றபோதும், தொடரிலேயே அதிக கோல்களைப் போட்டவர் அவரே. ஏறத்தாழ 208 சென்ரிமீற்றர் உயரமுடைய அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் தலைப்பைப் பிடித்துக்கொள்வது எப்போதும் அந்த உயரமே.

உயரம் பெரும் அனுகூலம் என்பதை மறுப்பது வீண். ஆயினும் வலைப்பந்தாட்டத்தின் விதிகளை நினைவிற்கொண்டால் வேறொன்றும் தென்படும். பந்தைப் பிடித்தவர் மூன்று விநாடிகளுக்குள் அதை எறிந்தாக வேண்டும், எதிர்ப்பவர் 0.9 மீற்றர் தொலைவில் கைகளை உயர்த்தி நிற்பார். பந்தைத் தரையில் தட்டி நேரத்தை வாங்கவோ, பின்னால் பலகையில் படவைத்து விழுத்தவோ வழியில்லை. ஓர் ஆட்டத்தில் இதை ஐம்பது அறுபது தடவை, தன் அணி தோற்றுக்கொண்டிருக்கும்போதும், கை தளராமல் செய்வதற்கு வேண்டியது மனவெழுச்சியை ஆளும் ஆற்றலே. பாடநூல்கள் வேண்டும் முதிர்ச்சிக்கு இதைவிடக் கண்கூடான உதாரணம் இந்நாட்டு விளையாட்டில் அரிது. ஆனாலும் அது முதிர்ச்சி என்று எழுதப்படவில்லை. உயரம் என்று எழுதப்பட்டது. ரீஸின் உணர்ச்சி கண்ணுக்குத் தெரிந்ததால் குறையாயிற்று. தர்ஜினியின் நிதானம் கண்ணுக்குத் தெரியாததால் உடலின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. இரு வீராங்கனைகளும் வெவ்வேறு திசைகளிலிருந்து ஒரே பிழைக்கு ஆளாகினர்.

6. விமர்சனம் செல்லுபடியாகும் இடம்

இவ்வளவும் கூறியதால் இளம் ஆட்டக்காரரின் நடத்தையை விமர்சிக்கவே கூடாது என்று பொருளாகாது. மெம்பிஸ் அணியின் ஜா மொரண்ட், 2023 மார்ச்சில் இரவு விடுதியொன்றிலிருந்து நேரலையில் துப்பாக்கியைக் காட்டியபோது அவருக்கு 23 வயது. தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் அவரை எட்டு ஆட்டங்களுக்கு இடைநிறுத்தியது. மே மாதத்தில் அதே போன்ற காட்சி மீண்டும் வெளிவந்ததால் ஜூனில் 25 ஆட்டங்களுக்கு இடைநிறுத்தியது. அவரைப் பார்த்து வளரும் சிறுவர்கள் மீது இச்செயல் ஏற்படுத்தும் விளைவு பொதுநலன் சார்ந்தது என்பதால், ஊடகங்கள் அதைக் கடுமையாகக் கண்டித்தது நியாயமே. துப்பாக்கிகளின் நடுவே ஒரு தலைமுறையை இழந்த மண்ணில் வாழ்வோருக்கு அக்கண்டனத்தின் கனத்தைத் தனியாக விளக்கவேண்டியதில்லை. எனினும், வலுவான கண்டனங்கள் செயலையும் அதன் விளைவையும் பெயர் சொல்லிச் சுட்டியவையே. அவரது மனம் எந்த வயதில் நின்றுபோனது என்று ஊகித்தவை, செயலின் பாரதூரத்தைக் கூட்டவுமில்லை, அதைத் திருத்த வழி காட்டவுமில்லை.

ஊடகங்களின் சொந்தப் பங்கும் இவ்விடத்தில் பேசப்படவேண்டும். தோல்வி முடிந்து சில நிமிடங்களில் ஒலிவாங்கியின் முன் அமர்த்தி, அடிமனத்தைத் தொடும் கேள்வியைக் கேட்டு, வரும் பதிலைக்கொண்டு குணத்தை எடைபோடும் வழக்கத்தை உருவாக்கியது விளையாட்டுத் துறையும் ஊடகத் துறையும் சேர்ந்தே. 2021 மே மாதத்தில் டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா தம் மனநலத்தைக் காரணங்காட்டிப் பிரெஞ்சுத் திறந்த போட்டியின் செய்தியாளர் சந்திப்பைத் தவிர்த்து, 15,000 டொலர் தண்டம் பெற்று, மறுநாள் போட்டியிலிருந்தே விலகியபோது, அவரைப் பக்குவமற்றவர் என எழுதியோர் தாமே அப்பிணக்கில் ஒரு தரப்பினர் என்பதை வாசகருக்கு நினைவூட்டவில்லை.

கூடைப்பந்தாட்டத்தின் பிறப்பே இவ்விவாதத்தில் ஒரு சான்று. 1891 டிசம்பரில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில், முந்தைய ஆசிரியர்களால் கட்டுப்படுத்த இயலாதிருந்த ஒரு வகுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் ஒப்படைக்கப்பட்டது. குளிர்காலத்தில் உள்ளரங்கில் அடைபட்ட அவ்விளைஞர்கள் மோதிக்கொண்டேயிருந்தனர். நெய்ஸ்மித் அவர்களது குணத்தைப் பற்றி உபதேசிக்கவில்லை. பந்தோடு ஓடுவதைத் தடுத்தார், தள்ளுவதையும் பிடிப்பதையும் தவறென்று விதித்தார், இலக்கைத் தலைக்குமேல் உயர்த்தி வைத்து மூர்க்கமாக எறிவதால் பயனில்லாதவாறு செய்தார். மனத்தின் மீது தீர்ப்புச் சொல்வதற்குப் பதிலாகச் செயலுக்கு 13 விதிகளை எழுதிய அந்த ஆசிரியரின் முறை, பிற்கால விமர்சகர்களுடையதைவிடப் பக்குவத்தின் சித்தாந்தப் பொருளுக்கு நெருங்கியது.

7. தீவகத்தின் விளையாட்டுப் பக்கம்

யாழ்ப்பாணப் பத்திரிகைகளுக்கு விளையாட்டு விமர்சனத்தில் நீண்ட மரபு வாய்க்கவில்லை. 1959இல் தொடங்கிய ‘ஈழநாடு’வின் பணிமனை 1981இல் எரிக்கப்பட்டதும், 1985இல் தொடங்கிய ‘உதயன்’ போர்க்காலத்தில் தாக்குதல்களுக்கிடையே வெளிவந்ததும் நினைவிலிருந்தால், விளையாட்டுப் பக்கம் பெறுபேறுகளோடு நின்றுவிட்டதன் காரணம் புரியும். பின்னர் அப்பக்கம் விரிந்தபோது அது இரவல் வாங்கிய சொற்கள் இரு இடங்களிலிருந்து வந்தன: ஒன்று பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, மற்றொன்று வெளிநாட்டுத் தொலைக்காட்சி. முன்னது அடக்கத்தை மெச்சும். பின்னது குணத்தைத் தீர்ப்பிடும். இரண்டும் கலந்த மொழியில் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம் எழுதப்படுவதுதான் கவலைக்குரியது.

ஒரு பெருநகர்ப் பத்திரிகையில் வரும் கடுஞ்சொல் அடுத்த வாரம் மறக்கப்படும். சில ஆயிரம் பேரே வாழும் நெடுந்தீவிலோ நயினாதீவிலோ அச்சொல் மறக்கப்படுவதில்லை. வலைப்பந்தாட்டம் ஆடும் ஒரு மாணவிக்கு ‘எடுப்பு’ என்று அச்சில் ஏறினால், அது பாடசாலையிலும் கோயில் வீதியிலும் பேசப்பட்டு, ஆண்டுகள் கழித்துச் சம்பந்தம் பேசும் வீட்டிலும் எடுக்கப்படும். ஊர்ச் சங்கத்தின் வழியாக ரொறன்ரோவுக்கும் போய்ச் சேரும். அவ்வாறு எழுதப்படக் காரணமான செயல், அதே ஆட்டத்தில் ஆடிய ஒரு பையனிடம் ‘துடிப்பு’ என்று போற்றப்பட்டிருக்கவும் கூடும். நெடுந்தீவிலிருந்து போட்டிக்கு வரும் மாணவி விடியவே எழுந்து, ஏறத்தாழ ஒரு மணிநேரம் படகில் ஆடி, குறிகட்டுவானில் இறங்கிப் பேருந்தில் யாழ்ப்பாணம் வந்து, அதன் பின்னரே களத்தில் கால் வைக்கிறாள் என்பதும், திரும்பும் படகைத் தவறவிடக்கூடாது என்ற கவலை கடைசிக் காற்பகுதியில் அவள் தலைக்குள் ஓடுகிறது என்பதும் எந்த ஆட்ட அறிக்கையிலும் வருவதில்லை.

வேறு விதமாக எழுதுவது எளிது. அதற்குப் புதிய கோட்பாடு தேவையில்லை. அம்மாணவி மூன்றாம் காற்பகுதியில் நடுவரோடு இரு தடவை வாதிட்டதால் எச்சரிக்கப்பட்டாள் என்றும், அதன் பின் கிடைத்த ஐந்து எறிகைகளில் நான்கை வலையில் இட்டாள் என்றும் ஓர் அறிக்கை எழுதப்படுவதாகக் கொள்ளலாம். அவ்வறிக்கை அவளது தவற்றை மறைக்கவில்லை, மீண்டதையும் மறைக்கவில்லை. குறிகட்டுவான் துறையில் படகுக்காகக் காத்திருக்கும் தாய் வாசித்தாலும், ரொறன்ரோவில் இருக்கும் மாமி வாசித்தாலும், அன்று களத்தில் பிள்ளை என்ன செய்தாள் என்பது இருவருக்கும் தெரியவரும். அடுத்த பயிற்சியில் எதைப் பேசவேண்டும் என்பது அவளது பயிற்றுநருக்கும் தெரியவரும்.